பஸ் வருகிறது, நடைதான் வரவில்லை

2025 மே மாதம் காரைக்குடி சுப்பிரமணியபுரத்தில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, பள்ளத்தூரிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கிற ஒரு கிராமத்துக்குக் குடி போனேன். எல்லாம் வாடகைதான் காரணம். முந்தின வருடம் காரைக்குடி மாநகராட்சி ஆனதிலிருந்து வீட்டு ஓனர்களின் பேச்சே மாறிவிட்டது. 6,500 கொடுத்துக்கொண்டிருந்த வீட்டுக்கு 8,500 கேட்டார்கள். கிராமத்தில் ஓட்டு வீடு, முற்றம், கிணறு, வாசலில் வேப்பமரம், எல்லாம் சேர்த்து 4,500. முன்பணம் 45,000. 11 மாத ஒப்பந்தம், அதற்கு முன்னால் காலி செய்தால் இரண்டு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள். கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. இங்கே நானும் ஒன்பதாவது படிக்கிற மகனும் மட்டும். செக்காலை ரோட்டில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். காலை ஒன்பதரைக்குக் கடையில் இருக்க வேண்டும், சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் விடுவார்கள்.

வீடு காட்ட வந்த புரோக்கர் எடுத்த எடுப்பில் சொன்னது, "வாசல்ல டவுன் பஸ் வரும்க்கா." நானும் அவர் வார்த்தையை மட்டும் நம்பிவிடவில்லை. இரண்டு நாள் போய் நின்று பார்த்தேன். காலை 8.20-க்கு ஊருக்குள் வந்து திரும்பியது. சாயங்காலம் 7.10-க்குப் பழைய பஸ் ஸ்டாண்டில் எடுத்து, கோட்டையூர், பள்ளத்தூர் வழியாக ஏழே முக்காலுக்கு ஊர் வந்து சேர்ந்தது. டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. மகனுக்குப் பள்ளிக்கூட பாஸ். ஆகப் போக்குவரத்துச் செலவு பூஜ்யம், வாடகையில் மாதம் 4,000 மிச்சம் என்று கணக்குப் போட்டேன். கணக்கு எழுதுகிறவள் போட்ட கணக்கு.

தப்பு எங்கே என்றால், நான் பார்த்தது மே மாதம். பள்ளிக்கூடம் லீவு. ஜூனில் பள்ளி திறக்கும்போதுதான் பஸ் நேரங்களை மாற்றி அடுக்குவார்கள் என்பது எனக்குத் தெரியாது. அந்த மாதம் ஓடுவதை வைத்து வருடம் முழுக்க ஓடும் என்று நினைக்கக் கூடாது. பஸ்ஸை நம்பி வீடு பார்க்கிறவர்கள் ஜூலைக்கு மேல் போய்ப் பாருங்கள். ஒரு வேலை நாளும் ஒரு ஞாயிறும் பாருங்கள். புரோக்கரைக் கேட்காதீர்கள். டீக்கடைக்காரரைக் கேளுங்கள். அதைவிட, தினமும் அதில் போய் வருகிற பொம்பளைகளைக் கேளுங்கள்.

ஜூன் இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. கடை முடிந்து, ஐந்து கிலோ அரிசிப் பையோடு 7.10 பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். பள்ளத்தூர் வந்ததும் எல்லாரும் இறங்கினார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் வந்து, "உள்ள போகாதுக்கா, இதோட திரும்புது" என்றார். ஏன் என்று கேட்டேன். "எனக்குக் குடுத்திருக்கிற ஷீட்ல இப்படித்தான் இருக்கு." அவர் முகத்தைப் பார்த்தால் கோபப்படவும் முடியவில்லை. ஸ்டாண்டில் ஒரு ஆட்டோகூட இல்லை. சரி, மூன்று கிலோமீட்டர்தானே என்று நடக்க ஆரம்பித்தேன்.

அந்தச் சாலையில் முதல் அரை கிலோமீட்டருக்கு மேல் விளக்கு கிடையாது. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், நடுவில் ஒரு ஊருணி. போனில் ஒன்பது சதவீதம் சார்ஜ். டார்ச் அடித்தால் பேச முடியாது, பேசினால் டார்ச் இல்லை. மகனுக்குப் போட்டு, "போனை வைக்காதடா, ஏதாவது பேசிக்கிட்டே இரு" என்றேன். அவனுக்குப் பேச விஷயம் தீர்ந்துபோனதும் அறிவியல் புத்தகத்தை எடுத்து வாசிக்க ஆரம்பித்துவிட்டான். முதல் பாடம், அளவீடு. வெர்னியர் அளவியின் மீச்சிற்றளவு எவ்வளவு என்பது எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். ஊருணிக் கரையில் எதுவோ தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டபோது அவன், "அம்மா, ஏன் மூச்சு வாங்குது?" என்றான். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தியபின் அழுதேன். பயத்தில் அழுததைவிட, இதைப் போய் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் அழுததுதான் அதிகம். கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அங்கே இருந்துகொண்டு அவர் என்ன செய்வார்?

மறுநாள் வந்துவிடும் என்று நினைத்தேன். வாரத்தில் ஒரு நாள், சில வாரம் இரண்டு நாள் உள்ளே வந்தது. மற்ற நாளெல்லாம் பள்ளத்தூரோடு சரி. அந்த ஒரு நாள்தான் என்னைக் கெடுத்தது. அடியோடு நின்றிருந்தால் அப்போதே வேறு வழி பார்த்திருப்பேன். 'இன்னைக்கு வந்துச்சுல்ல, சரியாயிரும்' என்ற நம்பிக்கையில், மகனைக் காரைக்குடியில் ஒரு டியூஷனில் சேர்த்து மூன்று மாதத்துக்கு 2,400 ரூபாயை மொத்தமாகக் கட்டினேன். டியூஷன் முடிந்து அவனும் கடை முடிந்து நானும் 7.10-ல் சேர்ந்து வருவதாகத் திட்டம். மூன்று வாரம் போனான். பிறகு நாலரை பஸ்ஸிலேயே திரும்பிவிடச் சொல்லிவிட்டேன். கட்டிய பணம் திரும்பி வரவில்லை. ஒரு நடை, அதாவது பஸ் ஒரு தடவை வந்து போவது, ஒரு மாதம் தொடர்ந்து ஒழுங்காக வரும்வரை அதை நம்பி எதற்கும் முன்பணம் கட்டாதீர்கள்.

ஜூலையில் காலைப் பஸ்ஸும் மாறியது. 8.20-ஐ 7.35 ஆக்கினார்கள். யாரும் சொல்லவில்லை, எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. முதல் நாள் எட்டேகாலுக்குப் போய் நின்று, ஒன்பது மணி வரை நின்று, பால்காரர் வண்டியில் பள்ளத்தூர் வரை வந்து, அங்கே கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் கையை நீட்டினார். "இது டவுன் பஸ் இல்லக்கா." இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. விடியல் பயணம் என்கிற பெண்களுக்கான இலவசம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மட்டும்தான். மெயின் ரோட்டில் வெளியூர் போகிற பஸ் அரசு பஸ்ஸாகவே இருந்தாலும் காசுதான். தனியார் பஸ்ஸிலும் காசுதான். அந்த ஜூனில்தான் புதிய மினி பஸ் திட்டத்தைத் தொடங்கினார்கள். எங்கள் ஊருக்கும் ஒன்று வரும் என்று பேசிக்கொண்டார்கள், இதுவரை வரவில்லை. வந்தாலும் அதில் இலவசம் கிடையாது. ஆகவே உங்கள் டவுன் பஸ் ஒரு நடை குறைந்தால், கணக்கில் டிக்கெட் காசையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். ரயிலையும் யோசித்துப் பார்த்தேன். பாசஞ்சர் கோட்டையூரிலும் செட்டிநாடு ஸ்டேஷனிலும் நிற்கும், ஆனால் என் வேலை நேரத்துக்கு ஒத்துவரவில்லை.

அப்புறம் புகார். முதலமைச்சர் உதவி மைய எண் 1100-க்குப் போன் செய்து, "எங்கள் ஊருக்குப் பஸ் வருவதில்லை" என்று பதிவு செய்தேன். பத்துப் பன்னிரண்டு நாளில், 'மேற்படி வழித்தடத்தில் பேருந்து இயக்கப்பட்டு வருகிறது' என்று பதில் வந்து மனு முடித்துவைக்கப்பட்டது. எனக்கு வந்த கோபத்தில் அதையே இன்னும் காரமாக எழுதி இரண்டாம் முறை போட்டேன். அதே பதில். ஊராட்சித் தலைவரைப் பார்க்கலாம் என்றால், பதவிக்காலம் ஜனவரியிலேயே முடிந்துபோய்த் தனி அலுவலர்தான் இருந்தார். ஆகஸ்ட் 15 கிராம சபையில் எழுந்து பேசினேன். 'கூடுதல் பேருந்து வசதி கோருதல்' என்று தீர்மானம் எழுதினார்கள். நான் கூடுதலாக எங்கே கேட்டேன், இருந்ததைத்தானே கேட்டேன். அந்த வித்தியாசம்கூட அப்போது எனக்குப் புரியவில்லை, நல்லது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

புரியவைத்தது கீரை விற்கிற அப்பத்தா. முதல் பஸ்ஸில் கூடையோடு காரைக்குடி மார்க்கெட்டுக்குப் போய் உச்சிக்குத் திரும்புகிற ஆள். டவுன் பஸ்ஸை இன்னும் 'மருது பஸ்ஸு' என்றுதான் சொல்லும். 1997-ல் தலைவர்கள் பெயரையெல்லாம் எடுக்கும்வரை இந்தப் பக்கம் ஓடியது மருது பாண்டியர் போக்குவரத்துக் கழகம். நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு, "ஏத்தா, பஸ்ஸு வரலைன்னு எழுதுனா பஸ்ஸு வருதுன்னுதான சொல்வான்? எந்த நடை வரலைன்னு எழுது" என்றது. வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே விரலை மடக்கி எண்ணியது: முத நடை, பள்ளிக்கூட நடை, பதினொன்றரை நடை, உச்சி நடை, சாயங்கால நடை, கடேசி நடை. ஆறு. "இதுல நாலுதான் வருது. அவன் சொல்றது பொய்யில்ல, நீ கேட்டதுதான் தப்பு."

இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். வழித்தடத்தை யாரும் ரத்து செய்வதில்லை. ரூட் எண் இருக்கும், போர்டு இருக்கும், பஸ்ஸும் காலையில் ஒரு தடவை வரும். போவது நடை. அதுவும் பாதி நடை, பள்ளத்தூர் வரைக்கும் ஓடிவிட்டு அங்கேயே திரும்பிவிடும். 'பஸ் இல்லை' என்று எழுதுகிற மனுவுக்கு 'பஸ் இருக்கிறது' என்று ஒரே வரியில் பதில் எழுதிவிடலாம். '7.10 நடை பள்ளத்தூரோடு திரும்புகிறது, இந்த இந்தத் தேதிகளில்' என்று எழுதினால் அந்த ஒரே வரி செல்லாது.

அன்றிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டேன். தேதி, நடை, வந்ததா, எங்கே திரும்பியது, பஸ்ஸின் பதிவு எண். நான் இல்லாத நேரத்து நடைக்கு அப்பத்தா சாட்சி, பள்ளிக்கூட நடைக்கு மகன். ஆகஸ்ட் 27 விநாயகர் சதுர்த்தி. அதை ஒட்டி மூன்று நாள் எங்கள் ஊர்ப் பக்கம் கடைசி நடை எட்டிப்பார்க்கவில்லை. பிள்ளையார்பட்டிக்குச் சிறப்பு பஸ் போயிருக்கும் என்றார்கள். மாசி பங்குனியில் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் திருவிழாவுக்கும் இப்படித்தானாம். அதனால் நோட்டில் திருவிழா நாட்களைத் தனியாகக் குறித்தேன். அதையும் சேர்த்துப் புகார் கொடுத்தால், அதை மட்டும் பிடித்துக்கொண்டு பதில் சொல்லிவிடுவார்கள்.

பஸ் ஸ்டாண்ட் நேரக்காப்பாளரைப் போய்ப் பார்த்தேன். கடிந்து பேசுவார் என்று பயந்து போனேன். நல்ல மனிதர். "உக்காருங்கம்மா" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். டிரைவர் லீவு என்றால் போட ஆள் இல்லை, அப்போது எந்த நடையில் கூட்டம் குறைவோ அதைத்தான் விடுவோம் என்றார். இன்னொன்றும் சொன்னார். மாநகராட்சி ஆனபோது கோட்டையூர், கண்டனூர், சங்கராபுரம், அரியக்குடி எல்லாம் உள்ளே வந்துவிட்டன. அந்தப் பக்கம் புதுப் புது நகர்கள், எல்லாரும் பஸ் கேட்கிறார்கள், வண்டி அதே வண்டிதான். "நீங்க கோட்டுக்கு வெளிய இருக்கீங்கம்மா." ஊர் வளர்கிறது என்பதை அதுவரை நான் பேனரில்தான் பார்த்திருந்தேன்.

கூட்டம் குறைவு என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். டிக்கெட்டை வைத்துத்தான் என்றார். எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் பொம்பளைகள் பாதிப் பேர் அந்தப் பூஜ்ய ரூபாய்ச் சீட்டை வாங்குவதே இல்லை. கண்டக்டரும் தெரிந்த முகம் என்று விட்டுவிடுவார். இலவசம்தானே, எதற்குக் காகிதம் என்று நாங்களும் சும்மா உட்கார்ந்திருப்போம். கடைசி நடையில் உள்ளே வருகிற ஒன்பது பேரில் ஏழு பேர் பெண்கள். சீட்டு வாங்கவில்லையென்றால் கணக்கில் அந்த பஸ்ஸில் இரண்டே பேர். தயவுசெய்து சீட்டைக் கேட்டு வாங்குங்கள், அதுவும் ஏறி இறங்குகிற ஊர் பெயரைச் சொல்லி வாங்குங்கள். பள்ளத்தூர் வரைக்கும் அடித்துக் கொடுத்தால் உங்கள் ஊருக்கு ஆளே இல்லை என்று ஆகிவிடும்.

செப்டம்பர் முதல் வாரம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டேன். வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தபாலில் அனுப்பி, ரசீதை நோட்டில் ஒட்டிவைத்தேன். ஏன் நிறுத்தினீர்கள், யார் பொறுப்பு என்றெல்லாம் கேட்கவில்லை. அந்தச் சட்டத்தில் அவர்களிடம் இருக்கிற ஆவணத்தைத்தான் வாங்க முடியும், விளக்கம் வாங்க முடியாது. மூன்றே கேள்வி. ஜூன் 1 நிலவரப்படி இந்த வழித்தடத்தின் கால அட்டவணை நகல், அதற்குப் பிறகு நேரம் மாற்றிய உத்தரவு இருந்தால் அதன் நகல், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இயக்கப்படாத நடைகள் நாள்வாரியாக. 30 நாளில் பதில் தர வேண்டும், 27-வது நாள் வந்தது. அட்டவணையில் ஆறு நடை அப்படியே இருந்தது. கடைசி நடைக்கு நேராக எங்கள் ஊர் பெயர்தான் அச்சாகியிருந்தது, பள்ளத்தூர் அல்ல. மாற்று உத்தரவு எதுவும் இல்லை. மூன்றாவது கேள்விக்கு மழுப்பல். பரவாயில்லை, அதற்கு என் நோட்டு இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு ஒரு திங்கட்கிழமை சிவகங்கை கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர் கூட்டத்துக்குப் போனேன். ஒரு நாள் சம்பளம் போயிற்று. மனுவை ஒரே பக்கத்தில் முடித்தேன். இணைப்பாக அட்டவணை நகல், நோட்டின் ஜெராக்ஸ், அந்த நடையில் வருகிறவர்களின் கையெழுத்து, எங்கள் ஊரிலிருந்து பள்ளத்தூர் பள்ளிக்குப் போகிற 14 பிள்ளைகளின் பட்டியல். பிள்ளைகளின் பட்டியலைப் பார்த்த பிறகுதான் வாங்கியவர் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது. மனு எண் போட்ட ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அது இல்லாமல் அடுத்த தடவை போனால் மறுபடி முதலிலிருந்துதான். நான் இரண்டு வாரம் கழித்து இன்னொரு திங்கள் போய், அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டேன். அதற்கும் ஒரு நாள் சம்பளம். நவம்பர் நடுவில் ஒரு போன். "கடைசி நடை திங்கட்கிழமையிலேருந்து உள்ள வரும்மா, ஆனா 7.25-க்குத்தான் எடுக்கும்." 7.25 என்ன, எட்டு மணிக்கு எடுத்தாலும் சரி என்றேன்.

காலை நடை மாறவில்லை, 7.35 என்றால் 7.35-தான். நாலாவது நடை அட்டவணையில் மட்டும் ஓடுகிறது. இப்போது எட்டேகாலுக்கே காரைக்குடியில் இறங்கிக் கடைப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறேன். முதலாளி பார்த்துப் பார்த்துச் சாவியை என்னிடமே கொடுத்துவிட்டார். சம்பளம் கூட்டவில்லை.

ஆறு மாதக் கணக்கை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். பள்ளத்தூரிலிருந்து ஊருக்கு ஆட்டோ, ராத்திரி நேரம் 120 ரூபாய் வீதம், 10,560. தாமதமாகப் போய் அரை நாள் சம்பளம் பிடித்தது 2,750. மெயின் ரோட்டு பஸ் டிக்கெட் 1,400. டியூஷன் 2,400. சிவகங்கைக்குப் போய் வந்தது சம்பளத்தோடு சேர்த்து 1,300. வீடு மாற்றிய குட்டி யானைக்கு 2,800. கூட்டினால் 21,210. வாடகையில் மிச்சமானது 24,000. கையில் நின்றது 2,790 ரூபாய். அதற்காகவா இவ்வளவும் என்று கணவர் போனில் கேட்டார். அப்போதுதான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஊருணிச் சத்தத்தை மட்டும் விட்டுவிட்டு.

போன வாரம் கடைசி நடையில் எட்டுப் பேர் இருந்தோம். பேத்தி வீட்டுக்குப் போய்விட்டு வந்த அப்பத்தாவும் இருந்தது. கண்டக்டர் புதுப் பையன், மெஷினைப் பையில் போட்டுவிட்டு முன்னால் போய் நின்றுகொண்டான். "ஏப்பா தம்பி, என் சீட்டு எங்க?" என்றது அப்பத்தா. "உங்களுக்கு ஃப்ரீதான் ஆத்தா." "ஃப்ரீ சீட்டக் குடு. பள்ளத்தூருக்கு அடிக்காத, எங்க ஊருக்கு அடி." அவன் சிரித்துக்கொண்டே திரும்பி வந்து, எல்லாருக்கும் ஒவ்வொன்றாக அடித்துக் கொடுத்தான். இறங்கும்போது டிரைவர், ஊருணிப் பாலத்தில் வேலை ஆரம்பிக்கப் போகிறார்கள், வியாழக்கிழமை உள்ளே வர முடியுமா தெரியவில்லை என்றார். அவர் போன் நம்பரை நோட்டில் எழுதிக்கொண்டேன்.